பனிவண்டி பிறந்த ஊரிலே

கனடா தேசத்தின் கியூபெக் மாகாணத்தில், மொன்றியல் மாநகருக்குக் கிழக்கே நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய தொலைவில் வால்கூர் என்றொரு சிற்றூர் உண்டு. நயாகரா நீர்வீழ்ச்சியைக் காணச் செல்வோரும், ரொறொன்ரோவில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குச் செல்வோரும் அதன் பெயரைக் கேள்வியுற்றிருக்க மாட்டார்கள். வானளாவிய மாளிகைகளோ பழம்பெருங் கோட்டைகளோ அங்கில்லை. ஒரு தேவாலயம், சில கடைகள், ஒரு பெருந்தொழிற்சாலை, ஒரு நூதனசாலை. சுற்றிலும் பால்மாட்டுப் பண்ணைகளும் மேப்பிள் மரக்காடுகளும். இவ்வளவே வால்கூர். ஆயினும், ஆண்டிற் பாதி பனி மூடிக்கிடக்கும் நாடுகளில் வாழ்வோருக்கு இச்சிற்றூர் செய்த உபகாரம் சிறிதன்று. சில்லுக்குப் பதிலாக முன்னே சறுக்குக்கட்டையும் பின்னே இறப்பர்ப் பட்டியும் பூண்டு, பனிமேல் விரைந்தோடும் வண்டியை இன்று உலகம் அறிந்திருப்பதற்கு இவ்வூர்க் கராச் ஒன்றே பெருங்காரணம்.

மாசி மாதக் கடைசியில் நாம் அங்கே சென்றோம். எம்மை அழைத்துச் சென்றவர் எமது மைத்துனர். யாழ்ப்பாணத்தில் இளமையில் மோட்டார்ச் சைக்கிள் கராச் ஒன்றிலே தொழில் பழகியவர். இப்பொழுது மொன்றியலில் ஒரு தொழிற்சாலையின் இயந்திரங்களைப் பராமரிப்பவர். நகரைக் கடந்ததும் நெடுஞ்சாலையின் இருமருங்கும் வெண்மையைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. வேலிக் கட்டைகளின் தலைகள் மட்டும் வரிசையாகப் பனிக்கு மேலே தெரிந்தன. வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டுப் பாகை காட்டியது. குளிர்காலத்துக்கென்றே செய்யப்பட்ட ரயர்களைப் பூட்டாமல் டிசெம்பர் முதலாந் திகதி தொடக்கம் மார்ச் நடுப்பகுதி வரையும் அம்மாகாணத்திலே காரோட்டுதல் சட்டப்படி குற்றமாகும் என மைத்துனர் கூறினார். கிரான்பி, வாட்டர்லூ என்னும் ஊர்களைத் தாண்டிச் சிறு வீதியொன்றில் இறங்கியபோது, எமது காருக்குச் சமாந்தரமாக வயலின் நடுவே மூன்று பனிவண்டிகள் வரிசையாகச் சென்றன. வீதியைப் போலவே அவற்றுக்கும் தடம் உண்டு. வழிகாட்டிப் பலகை உண்டு. கியூபெக் மாகாணத்திலே இத்தகைய தடங்கள் முப்பதினாயிரம் கிலோமீற்றருக்கு மேலாக உள்ளன. பிரெஞ்சு மொழி பேசும் அம்மக்கள் இவ்வண்டியை 'மோட்டோநேஜ்' என்பர்.

இவ்வண்டியின் கதை ஒரு தனிமனிதரின் கதையோடு பிணைந்தது. ஜோசப் ஆர்மன் பொம்பார்டியே 1907 ஆம் ஆண்டு இப்பகுதியிலே பிறந்தார். தந்தையார் அவரைக் குருவானவராக்க எண்ணிக் குருமடக் கல்லூரிக்கு அனுப்பினார். பிள்ளையின் மனமோ இயந்திரங்களிலே கிடந்தது. 1922 ஆம் ஆண்டின் கடைசி நாளில், பதினைந்து வயதுச் சிறுவன், பழைய போர்ட் காரொன்றின் எஞ்சினைச் சறுக்குவண்டியிலே பூட்டி, பின்புறத்தில் ஆகாயவிமானத்துக்கு உள்ளது போன்ற மரச்சுழலியைப் பொருத்தி, தம்பியை முன்னே இருத்தி, ஊர்த் தெருவழியே ஓடவிட்டான். உறையிடாத சுழலி பின்னே சுழன்றுகொண்டிருந்தது. கண்டோர் அஞ்சினர். தந்தையார் அன்றே அதனைக் கழற்றிவிடும்படி கட்டளையிட்டார். எந்தத் தந்தைதான் இட்டிருக்கமாட்டார்! ஆயினும் நான்காண்டுகளின் பின், பத்தொன்பதாம் வயதில், அதே மகன் வால்கூரிலே சொந்தமாக ஒரு கராச் திறந்தபோது, உதவி புரிந்தவரும் அத்தந்தையாரே.

அக்காலத்தில் அந்நாட்டுக் கிராமத்து வீதிகளிலே பனியை அகற்றுவார் இல்லை. முதற் பனி விழுந்ததும் கார்களைக் கட்டைமேல் ஏற்றி வைத்துவிட்டுக் குதிரைச் சறுக்குவண்டிக்கு மாறுவார்கள். கராச்சில் வேலை குறையும். பொம்பார்டியே அக்குளிர்கால ஓய்வையெல்லாம் பனிவண்டி ஆராய்ச்சியிலே செலவிட்டார். 1934 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் வயிற்றினுள் ஏற்பட்ட அழற்சியாற் கடும் நோயுற்றான். ஆஸ்பத்திரி இருந்த ஷெர்புறூக் நகரம் ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர் தூரம். வீதியெங்கும் பனி. ஊரார் அனைவருடைய வாகனங்களையும் பழுது பார்த்த அம்மனிதரிடம், தம் குழந்தையைக் கொண்டுசெல்ல ஒரு வாகனம் இல்லை. குழந்தை இறந்தது.

இதன்பின் அவர் உழைத்த உழைப்பின் பயனாக, இறப்பர் போர்த்த பற்சில்லும் அது இழுத்துச் செல்லும் பட்டியும் உருவாயின. இரண்டு இறப்பர் வார்களை இரும்புக் குறுக்குச் சட்டங்களால் இணைத்தது அப்பட்டி. பனி மென்மையாயிருந்தாலும் வண்டியின் பாரம் அகன்ற பரப்பிலே பரவுவதனால் அது புதைவதில்லை. இறப்பரிலே பனிக்கட்டி ஒட்டிக்கொள்ளாது என்பது மற்றொரு நயம். 1937 ஆம் ஆண்டிலே இதற்கு ஆக்கவுரிமைப் பத்திரம் கிடைத்தது. எழுவர் அமரும் வண்டி முதலிலும், பன்னிருவர் அமரும் வண்டி பின்னரும் வெளிவந்தன. வைத்தியர்களும் தபாற்காரரும் அவற்றை வாங்கினர். பாடசாலைப் பிள்ளைகளும் நோயாளரும் மரணித்தோரும் அவற்றிலே சென்றனர். 1948 இல் கியூபெக் அரசாங்கம் கிராம வீதிகளின் பனியையும் அகற்றுவதெனத் தீர்மானித்தபோது இவ்வண்டிகளின் விற்பனை சரிந்தது. ஊருக்கு நன்மை; அவருக்கு நட்டம்! அவர் சோர்ந்துவிடவில்லை. சதுப்புநிலத்தில் ஓடும் உழவுயந்திரம் போன்ற வேறு வண்டிகளைச் செய்து தொழிலைக் காப்பாற்றினார். இலகுவான சிறு எஞ்சின்கள் சந்தைக்கு வந்தபின், 1959 ஆம் ஆண்டிலே ஒருவரோ இருவரோ ஏறிச்செல்லும் சின்னஞ்சிறு பனிவண்டியை வெளியிட்டார். அதுவே 'ஸ்கீ டூ'. நாய்கள் இழுத்த சறுக்குவண்டிக்குப் பதிலாக வந்தமையால் 'ஸ்கீ டோக்' என்று பெயரிட எண்ணினரென்றும், அச்செழுத்துப் பிழையால் 'ஸ்கீ டூ' ஆயிற்றென்றும் ஒரு கதை வழங்குகின்றது. வடபுலத்துக் காடுகளிலே பணிபுரிந்த தம் குருவானவ நண்பரொருவரிடம் அதனைக் கொண்டுசென்று ஓட்டிக் காட்டினார். முதற் பருவத்தில் விற்றவை 225 வண்டிகள். அவ்வெண்ணிக்கை பல்கிப் பெருகியதை நீடு காண அவர் இருக்கவில்லை. 1964 ஆம் ஆண்டு, ஐம்பத்தாறாம் வயதில் காலமானார்.

1971 இல் திறக்கப்பட்டுப் பின் புதுக்கப்பெற்ற நூதனசாலையில் இவ்வண்டிகள் யாவும் உள்ளன. பன்னிருவர் வண்டி கண்ணைக் கவரும் தோற்றமுடையது. கப்பலுக்கு உள்ளவை போன்ற வட்ட யன்னல்களோடு, கரைக்கு ஏறிய மீன்போல் நிற்கின்றது. ஆனால் எம்மை அதிக நேரம் நிற்கச் செய்தது அப்பழைய கராச்சே. 1926 ஆம் ஆண்டுக் கட்டடம் பேணிக் காக்கப்பட்டு, பார்வையாளர் உட்சென்று காணும்படி வைக்கப்பட்டிருக்கின்றது. பலகைச் சுவர், வேலை மேசை, பட்டிகள் ஓட்டும் பழைய இயந்திரங்கள். எமது ஊர்களிலே சந்திக்குச் சந்தி இருந்த கராச்சுகளுக்கும் இதற்கும் பெருவித்தியாசம் இல்லை. மைத்துனர் மேசைமீது கைவைக்கக்கூடாது என்னும் அறிவித்தலைப் பார்த்துக் கையைச் சட்டைப்பைக்குள் இட்டுக்கொண்டார்.

நூதனசாலையை விட்டு நீங்கியபின், மைத்துனர் ஆண்டுதோறும் மேப்பிள் பாணி வாங்கும் பண்ணைக்குச் சென்றோம். ஊருக்கு வெளியே, காட்டோரத்திலே அது இருந்தது. பண்ணைக்காரர் எழுபத்தைந்து வயது கடந்த முதியவர். ஒரு முழங்காலிலே சத்திரசிகிச்சை செய்யப்பட்டிருந்தமையால் ஊன்றுகோலோடு நடந்தார். அவர் எம்மை வீட்டுக்கு அழைத்துச் செல்லாமல் நேரே கொட்டிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கே பதினெட்டு வயது மதிக்கத்தக்க அவருடைய பேரன், கழற்றிய மூடிகளுக்கு நடுவே, ஒரு பழைய பனிவண்டியின் முன் அமர்ந்திருந்தான். ஒற்றைச் சிலிண்டர் கொண்ட, காற்றினாற் குளிரும், கயிறிழுத்துக் கிளப்பும் வேலைவண்டி அது. எஞ்சின் தேய்ந்துபோனதனால், தொழிற்கல்லூரியிற் பயிலும் அப்பையன் மார்கழி விடுமுறையில் அதனை முற்றாகப் பிரித்துப் புதிய பாகங்கள் இட்டுத் திரும்பப் பூட்டியிருக்கிறான். பூட்டிய நாள் முதல் இரண்டு வாரங்களாக அது கிளம்பவில்லை.

இது விளையாட்டு வண்டியாயிருந்தால் பாதகமில்லை. மேப்பிள் மரத்தின் சாறு வடிவது ஆண்டிலே சில வாரங்கள் மாத்திரமே. இரவிலே தண்ணீர் உறையும் குளிரும், பகலிலே உருகும் வெப்பமும் மாறிமாறி வரும் பங்குனி, சித்திரைக் காலத்தில் அது வடியும். ஏறக்குறைய நாற்பது லீற்றர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாணி கிடைக்கும். எமது பனைமரத்திலே முட்டி கட்டிப் பதநீர் இறக்குவதுபோல், முன்னாளில் அவர்களும் மரந்தோறும் வாளி தொங்கவிட்டனர். இக்காலத்தில் மரத்துக்கு மரம் மெல்லிய பிளாஸ்ரிக் குழாய்களை இணைத்து, சாற்றைக் காய்ச்சும் குடிசைக்கே வரச்செய்கின்றனர். குளிர்காலத்தில் அக்குழாய்களை அணில்கள் கடித்துவைக்கும். முறிந்த கிளைகள் விழுந்து அறுக்கும். பருவம் தொடங்குமுன் ஒவ்வொரு குழாயையும் பார்த்துத் திருத்துதல் வேண்டும். இடுப்பளவு பனியிலே இம்முதியவர் எங்ஙனம் நடப்பார்? வண்டியைக் கடைக்குக் கொண்டுசென்றால் வண்டியின் விலைக்கு மேலாகக் கூலி கேட்பார்கள். "பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று முதியவரின் மகன் நகரிலிருந்து தொலைபேசியிற் சொல்லிவிட்டாராம். முதியவர் கொடுக்கவில்லை. பேரனைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவ்வாறு சொல்லாதிருந்தமையே அப்பையனுக்குப் பெருஞ்சுமையாயிற்று என்பது அவன் முகத்திலே தெரிந்தது.

அவனுடைய முடிவு, மறுநாள் காலை எஞ்சினை வண்டியிலிருந்து இறக்கி, கிறாங் அறையை மறுபடியும் பிரிப்பது. அதற்கு அவன் கூறிய காரணமும் படித்த காரணந்தான். இரண்டடிப்பு எஞ்சினைக் கரும்பலகையிலே பலமுறை வரைந்த நாம் அதனை உடனே விளங்கிக்கொண்டோம். பெற்றோலும் காற்றும் கலந்த ஆவி முதலிலே பிஸ்டனுக்குக் கீழேயுள்ள கிறாங் அறையிற் புகுகின்றது. பிஸ்டன் கீழிறங்கும்போது அவ்வாவியை அமுக்கிப் பக்கவழியால் மேலே தள்ளுகின்றது. ஆகவே கிறாங் அறை காற்றிறுக்கமாக இருத்தல் அவசியம். தண்டின் இரு நுனிகளிலும் உள்ள ஒயில் சீல்களில் ஒன்று கசிந்தாலும் கலவை கெட்டு எஞ்சின் மறுக்கும். சீல்களைத் தான் சரியாகப் பூட்டவில்லை என்பது பையனுடைய ஐயம். பிரித்தால் புதிய காஸ்கட்டுகள் வாங்கவேண்டும். அவை வந்து சேர ஒரு வாரமாவது செல்லும். சாறு அதுவரை காத்திராது.

மைத்துனர் வண்டியைத் தொடவில்லை. ஒரு பெட்டிமேல் அமர்ந்து, "எதையெதைக் கழற்றினாய்? சொல்" என்று கேட்டார். பிரெஞ்சு மொழியிலும் எமது மொழியைப் போல நீ, நீங்கள் என்னும் பேதம் உண்டு. முதியவர் எல்லாரையும் 'நீ' என்றே அழைத்தார். பையனோ மைத்துனரை 'நீங்கள்' என்றே விளித்தான். பிஸ்டன், வளையங்கள், கிறாங் போல்பெயாரிங்குகள், இரு ஒயில் சீல்கள், காஸ்கட்டுகள், காபரேற்றர் என்று அவன் ஒவ்வொன்றாக எண்ணினான். சீல் மாற்றுவதற்காக மக்னெற் சில்லையும் கழற்றியதாகக் கடைசியிலே கூறினான். மைத்துனர் தலையசைத்தாரேயன்றி ஒன்றும் சொல்லவில்லை.

பின்னர் எளியவற்றிலிருந்து தொடங்கினார்கள். இவ்வண்டியிலே எஞ்சினை நிறுத்தும் பொத்தானொன்று உண்டு. ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்துவதற்காக அவருடைய சட்டையோடு கொளுவிவைக்கும் ஒரு கயிறும் உண்டு. இவற்றில் ஒன்று 'நிறுத்து' நிலையில் இருந்தால் நாள் முழுவதும் இழுத்தாலும் பயனில்லை. இரண்டும் சரியாகவே இருந்தன. அடுத்துப் பிளக்கைக் கழற்றி, அதன் உலோகப் பகுதியை எஞ்சின் உடலிலே தொடச்செய்து கயிற்றை இழுத்தான். நீலநிறப் பொறி தெறித்தது. ஆகவே மின்சாரம் உண்டு. கழற்றிய பிளக்கின் நுனி பெற்றோலில் நனைந்திருந்தது. ஆகவே எரிபொருளும் வருகின்றது; இரண்டு வார இழுவையில் வேண்டுமளவுக்கு மேலாகவே வந்திருக்கின்றது. எண்ணெய் கலந்த புதிய பெற்றோல்தானா என்று கேட்டார். ஐம்பதுக்கு ஒன்று என்ற கணக்கிற் கலந்து மூன்று நாள்தான் ஆயிற்று என்றான். பிளக் துவாரத்திலே அமுக்கமானியைத் திருகி, திறொட்டிலை முழுதும் திறந்து இழுத்தபோது முள் சதுர அங்குலத்துக்கு 120 இறாத்தலைத் தாண்டி நின்றது. வளையங்களும் சிலிண்டரும் குற்றமற்றவை.

"அத்தான், பெடியன் வேலையை வடிவாத்தான் செய்திருக்கிறான்" என்று மைத்துனர் எம்பக்கம் திரும்பித் தமிழிலே சொன்னார். அதனை மொழிபெயர்த்துச் சொல்லும்படி நாம் வேண்டினோம். சொன்னார். பையன் ஊத்தையான துணியொன்றினால் கைகளை நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தான்.

அமுக்கம் உண்டு, பொறி உண்டு, எரிபொருள் உண்டு. எஞ்சின் மாத்திரம் இல்லை! இவ்விடத்திலேதான் பையன் சீலைச் சந்தேகித்துப் பிரிக்க எண்ணியது. சீல் கசிகின்றதா என்று அறிவதற்குப் பிரிக்கவேண்டியதில்லை. வாயில்களை அடைத்து உள்ளே ஆறு இறாத்தல் அளவு காற்றமுக்கம் கொடுத்து, அது சில நிமிடம் குறையாமல் நிற்கின்றதா எனப் பார்த்தாற் போதும். அதற்கும் முன்னே மைத்துனர் வேறொன்று செய்வித்தார். பெற்றோல் வாயிலைப் பூட்டி, பிளக்கைக் கழற்றியவாறே பலமுறை கயிற்றை இழுக்கச்செய்து, உள்ளே தேங்கியதை வெளியேற்றினார். பின்பு பிளக் துவாரத்தால் ஒரு கரண்டிக்கும் குறைவான பெற்றோலை விட்டு, காய்ந்த பிளக்கைப் பூட்டி இழுக்கச் சொன்னார்.

யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இவ்வித்தையை விளக்கவேண்டியதில்லை. 1990 ஆம் ஆண்டின் பின், பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் அரும்பொருளான காலத்தில், சில துளி பெற்றோலை ஊட்டி மோட்டார்ச் சைக்கிளைக் கிளப்பி, கிளம்பியபின் மண்ணெண்ணெயிலே ஓட்டியவர்கள் நாங்கள். புகையும் மணமும் தெருவெல்லாம் கமழும். எந்தத் துளி எங்கே விட்டால் எஞ்சின் என்ன ஓசை எழுப்பும் என்பதனை அக்காலக் கராச்சுகளிலே பழகியவர்கள் காதினாலே கற்றார்கள். மைத்துனர் இப்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

பையன் இழுத்தான். எஞ்சின் ஒருமுறை இருமியது; அதே கணத்தில் கயிறு அவன் கையிலிருந்து வெடுக்கெனப் பறிபட்டு உள்ளே ஓடியது. அவன் விரல்களை உதறினான். "இப்படி முன்னரும் நடந்ததா?" என்று மைத்துனர் கேட்டார். முதல் நாளிலிருந்தே இடையிடையே நடக்கின்றதென்றும், தன் கைவலிமைக் குறைவென்று எண்ணியிருந்ததாகவும் அவன் விடையிறுத்தான். மைத்துனர் எழுந்து நின்றார். "சீல் அல்ல. மக்னெற் சில்லைக் கழற்று."

காரணம் இதுதான். பிஸ்டன் உச்சியை அடைவதற்கு மிகச் சற்று முன்னே பொறி தெறித்தல் வேண்டும். மிக முந்தித் தெறித்தால், ஏறிவரும் பிஸ்டனை வெடிப்பு எதிர்த்து அடித்துத் தண்டைப் பின்னோக்கிச் சுழற்றும். கயிற்றைப் பறிப்பது அதுவே. பொறி இருக்கின்றது என்று காண்பது வேறு, பொறி உரிய கணத்திலே தெறிக்கின்றது என்று காண்பது வேறு. பிளக்கை வெளியே வைத்துப் பார்த்தால் முன்னையதையே அறியலாம். பொறியின் கணத்தை நிர்ணயிப்பது மக்னெற் சில்லு தண்டின்மேல் அமர்ந்திருக்கும் நிலை. அந்நிலையைக் காட்டுவதற்கு, தண்டிலும் சில்லிலும் வெட்டிய பள்ளங்களுக்கிடையே அரைச்சந்திர வடிவான சிறிய இரும்புத் துண்டொன்று வைக்கப்பட்டிருக்கும். இதனை எமது கராச்சுகளிலே 'கீ' என்பார்கள். ஆயினும் சில்லைப் பிடித்துவைத்திருப்பது அக் கீ அன்று. கூம்பாகச் செதுக்கிய தண்டிலே கூம்புத் துவாரமுள்ள சில்லு அமர, நட்டு அதனை இறுக்க, அவ்விறுக்கத்தினால் உண்டாகும் உராய்வே சில்லைப் பிடிக்கின்றது. கீ வழிகாட்டி மாத்திரமே.

நட்டிலே ஸ்பானரை வைத்ததும் அது பெருமுயற்சியின்றிச் சுழன்றது. மைத்துனர் ஒன்றும் சொல்லவில்லை; பையனும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இழுக்குங் கருவியைப் பூட்டிச் சில்லைக் கழற்றியபோது, உள்ளே கூம்பின்மேல் எண்ணெய் மினுங்கியது. அரைச்சந்திரத் துண்டு இரு கூறாக அறுந்து, ஒரு கூறு தண்டின் பள்ளத்திலும் மற்றது சில்லின் பள்ளத்திலுமாக, ஒன்றுக்கொன்று படிபோல விலகி நின்றது. புதிய சீலுக்குப் பூசிய எண்ணெய் கூம்பிலே பட்டிருந்தமையாலும், இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர் இல்லாமற் கைமதிப்பிலே நட்டை இறுக்கியமையாலும் உராய்வு போதவில்லை. கயிறு இழுப்பது சில்லை. அமுக்கத்தால் எதிர்ப்பது தண்டு. இவ்விரண்டுக்கும் இடையே அகப்பட்டு அம்மெல்லிய துண்டு அறுந்தது. சில்லு சிறிது முன்னே வழுக்க, பொறியும் முந்திக்கொண்டது. இரண்டு வாரத் துயரமும் ஒரு விரல்நகப் பரப்பிலே அடங்கியிருந்தது.

அப்போது முதியவர் வாய் திறந்தார். தாம் முன்பு வைத்திருந்த இதே இன வண்டியின் மிச்சங்கள் ஒரு பேணியிலே கிடக்கக்கூடும் என்றார். பரணிலிருந்து இறக்கிய பழைய பிஸ்கற் பேணியை மேசையிலே கொட்டினார். ஆணிகள், வளையங்கள், சுரைகள். அவற்றிடையே மூன்று அரைச்சந்திரத் துண்டுகள். அளவுகருவியால் அளந்தபோது ஒன்று பொருந்தியது. அவர் முகத்திலே தோன்றிய மகிழ்ச்சியை அப்பேணியை எறிந்துவிடும்படி இதுகாறும் சொல்லிவந்த அவருடைய மனைவியார் காணவேண்டியது. பள்ளங்களின் ஓரம் சிதையவில்லை என்பதை விரலாலே தடவி உறுதிசெய்தார்கள். தண்டின் கூம்பையும் சில்லின் உட்புறத்தையும் எண்ணெய்ப் பசையின்றித் துடைத்தார்கள். அயற்பண்ணையிலிருந்து இறுக்கம் அளக்கும் ஸ்பானர் இரவல் வந்தது. வண்டியின் கைந்நூல் விதித்த அளவுக்கு, 'டிக்' என்ற ஓசை கேட்கும்வரை, பையனே நட்டை இறுக்கினான். இத்தனை வேலையிலும் மைத்துனர் ஒரு ஸ்பானரையும் கையால் எடுக்கவில்லை என்பதை நாம் குறித்துக்கொண்டோம். எமக்கு அது எளிதன்று; வகுப்பிலே மாணவன் கணக்கில் தடுமாறும்போது வெண்கட்டியை அவன் கையிலிருந்து வாங்காதிருக்க எவ்வளவு பொறுமை வேண்டுமென்பதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

கொட்டிலின் பெருங்கதவை முற்றாகத் திறந்தார்கள். குளிர் கத்திபோல் நுழைந்தது. ஆயினும் மூடிய இடத்தில் எஞ்சின் ஓட்டினால் வெளியேறும் காபனோரொட்சைட்டு மணமுமில்லாமல் நிறமுமில்லாமல் ஆளைக் கொன்றுவிடும். புதிய பிளக் பூட்டப்பட்டது. பையன் சோக்கை இழுத்து, காலை ஊன்றி, கயிற்றைப் பற்றினான். முதல் இழுப்பிலே ஒன்றுமில்லை. இரண்டாவதிலே ஓர் இருமல், கயிறு பறிபடவில்லை. மூன்றாவதிலே எஞ்சின் பிடித்துக்கொண்டது. நீலப்புகை கொட்டில் முழுதும் சுழன்று கதவால் வெளியேறியது. அச்சத்தத்திலே யார் என்ன பேசினாரென்று ஒருவருக்கும் கேட்கவில்லை. முதியவர் ஊன்றுகோலைச் சுவரிலே சாத்திவிட்டு, வண்டியின் மூடிமேல் உள்ளங்கையை வைத்து அதன் நடுக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

புதிதாகப் பூட்டிய எஞ்சினை உடனே விரட்டக்கூடாது. சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, முற்றாக ஆறியபின் மறுபடி ஓடவிட வேண்டும். முதற் தாங்கிப் பெற்றோலிலே எண்ணெயைச் சற்றுக் கூட்டிக் கலப்பதும் நல்லது. இவை பையனுக்குத் தெரிந்திருந்தன. அது ஆறும் நேரத்தில் நாங்கள் வீட்டினுள்ளே சென்று, முதியவரின் மனைவியார் தந்த பட்டாணிக் கடலைச் சூப்பைப் பருகினோம். பன்றியிறைச்சி இடுவது அந்நாட்டு வழக்கமாம். நாம் சைவர் என்று மைத்துனர் முன்னரே சொல்லியிருந்தமையால் எமக்கென வேறாகக் காய்ச்சியிருந்தார். விருந்தோம்பலுக்கு மொழி தடையன்று என்று எழுதப் புகுந்தால் பழைய பல்லவி என்பீர்கள். சூப் நன்றாயிருந்தது என்று மட்டும் எழுதுகின்றோம்.

பிற்பகல் மூன்று மணியளவில் பேரன் முன்னேயும் பாட்டனார் பின்னேயுமாக வண்டியில் ஏறினார்கள். ஒரு சுருள் குழாயும் வெட்டும் குறடும் பின்தட்டிலே கட்டப்பட்டிருந்தன. பாட்டனார் எமக்குக் கையசைக்கவில்லை. அவர் பார்வை மேற்குப்புறத்து மரங்களில் இருந்தது. வண்டி மெதுவாக வயலைக் கடந்து காட்டுக்குள் மறைந்தபின்னும், அதன் ஓசை மரங்களுக்கிடையே அங்குமிங்குமாக நின்று நின்று எழுந்தது. நிற்கும் இடமெல்லாம் அணில் கடித்த இடமென்று மனைவியார் எண்ணிக்கொண்டிருந்தார். ஏழு வரை எண்ணியதை நாம் கேட்டோம்.

அரை லீற்றருக்குச் சற்று மேற்பட்ட பேணிகளிலே அடைத்த சென்ற ஆண்டுப் பாணியில் நான்கை வாங்கினோம். மைத்துனர் பணத்தை நீட்டியபோது மனைவியார் இரண்டுக்கு மாத்திரம் பெற்றுக்கொண்டார். பங்குனி மாதம் இரண்டாம் வாரத்தில், நாம் இலங்கை திரும்பிய பின்பு, மைத்துனர் தொலைபேசியிற் பேசினார். முன்னைய நாள் வால்கூரிலே வெயில் எறித்து, காலை பத்து மணிக்கே சாறு வடியத் தொடங்கிவிட்டதாம்.